கருமணல் தந்த வெண்பொடி

உரைநடை – அறிவியல் கட்டுரை

நுழையும்முன்

திருவனந்தபுரத்திற்குத் தெற்கே மணவாளக்குறிச்சியிலும் வடக்கே சவறையிலும் கடற்கரை மணல் கருத்துக் கிடக்கும். அலைகடல் ஒதுக்கும் அந்தக் கருமணலிலிருந்துதான் வீட்டுச் சுவருக்குப் பூசும் வெண்ணிற வண்ணப்பூச்சின் முதன்மைப் பொருள் கிடைக்கிறது. கரிய மணலிலிருந்து வெள்ளைப் பொடி எவ்வாறு வந்தது? கண்ணுக்குத் தெரியாத அதன் துகளை எவ்வாறு அளக்கின்றனர்? அளந்து கூறும் எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம்? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

மணலிலிருந்து ஆலைக்கு

1909ஆம் ஆண்டு ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலார், அன்றைய திருவிதாங்கூரைச் சேர்ந்த மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மோனசைட்டு என்னும் கனிமம் இருப்பதைக் கண்டறிந்தார். இங்கிருந்து ஏற்றுமதியான தேங்காய்நார்ப் பொருள்களில் ஒட்டியிருந்த மணலே அவருக்கு வழிகாட்டியது என்பர். மோனசைட்டிலிருந்து கிடைக்கும் தோரியம் அக்காலத்து எரிவாயு விளக்குகளின் ஒளிவலைக்குத் தேவைப்பட்டது. எனவே அனைவரும் மோனசைட்டையே நாடினர். அதனுடன் மிகுதியாகக் கலந்து கிடந்த இல்மனைட்டு என்னும் கரிய கனிமத்தின் மதிப்பு பின்னரே உணரப்பட்டது.

இல்மனைட்டு என்பது இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனுடன் சேர்ந்த சேர்மம். டைட்டானியம் என்னும் தனிமமே உலகிற்கு முதலில் தெரியவந்தது ஒரு கருமணலிலிருந்துதான். 1791இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வில்லியம் கிரிகர் என்னும் சமயகுரு, ஓடைக்கரையில் கிடந்த கரிய மணலை ஆராய்ந்தபோது அதுவரை அறியப்படாத தனிமம் ஒன்று அதில் இருப்பதை உணர்ந்தார். 1795இல் கிளாப்ரோத் என்னும் ஜெர்மானிய அறிஞர் அதற்கு டைட்டானியம் எனப் பெயரிட்டார்.

திருவிதாங்கூர் டைட்டானியம் நிறுவனம் 1946இல் தொடங்கப்பெற்றது. திருவனந்தபுரம் நகரை ஒட்டிய கொச்சுவேளியில் அமைந்த அதன் ஆலையில் 1951இல் உற்பத்தி தொடங்கியது. இங்குப் பின்பற்றப்படுவது கந்தக அமில முறை. இல்மனைட்டை அடர் கந்தக அமிலத்தில் கரைப்பர். இரும்பை உப்பாகப் பிரித்தெடுப்பர். எஞ்சிய கரைசலைக் கொதிக்கவைத்து டைட்டானியத்தை வெண்மையான வீழ்படிவாகப் பெறுவர். அவ்வீழ்படிவைக் கழுவிச் சுழல்சூளையில் ஏறத்தாழ 900 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டு, பின்னர் அரைப்பர். கிடைப்பது அனட்டேசு வகை டைட்டானியம் டை ஆக்சைடு. கொல்லம் மாவட்டத்துச் சவறையில் உள்ள மற்றோர் ஆலை, குளோரின் முறையில் ரூட்டைல் வகையைத் தயாரிக்கிறது. அனட்டேசும் ரூட்டைலும் வேதியியலில் ஒரே சேர்மம். அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறை மட்டும் வேறு.

சூளையின் வெப்பமே துகளின் அளவை முடிவு செய்கிறது. வெப்பம் குறைந்தால் படிகங்கள் போதுமான அளவு வளர்வதில்லை. மிகுந்தால் அவை பெருத்து, ஒன்றோடொன்று உருகி ஒட்டிக் கடினப்படுகின்றன. சூளையில் நேர்ந்த இப்பிழையைக் கண்ணால் கண்டுகொள்வது அரிது. இரண்டும் வெள்ளைப் பொடிகளே. ஆகவே ஆய்வுக்கூடத்தில் துகளை அளந்தே தீர வேண்டும்.

வெண்மை எங்கே இருக்கிறது?

கற்கண்டுக் கட்டி ஒளி ஊடுருவும் தன்மையுடையது. அதனை இடித்தால் வெள்ளைப் பொடியாகிறது. கண்ணாடியும் அவ்வாறே. இடித்ததால் பொருள் மாறவில்லை. புதிய நிறம் எதுவும் சேரவும் இல்லை. ஒளி திரும்பும் பரப்புகள் மட்டுமே பெருகியுள்ளன. ஒளி ஒவ்வொரு துகளின் பரப்பிலும் பட்டு வளைந்தும் திரும்பியும் எல்லாத் திசைகளிலும் சிதறுகிறது. எல்லா நிற ஒளியும் ஏறத்தாழச் சமமாகச் சிதறிக் கண்ணை அடையும்போது அதனை வெண்மை என்கிறோம்.

இச்சிதறலுக்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, துகளின் ஒளிவிலகல் எண்ணுக்கும் சூழ்ந்துள்ள பொருளின் ஒளிவிலகல் எண்ணுக்கும் இடையேயுள்ள வேறுபாடு. சுண்ணாம்பு அடித்த சுவர் ஈரமாக இருக்கும்போது மங்கலாகத் தோன்றும். காய்ந்தபின் பளிச்சென வெளுக்கும். இதனை வெள்ளையடிக்கும் தொழிலாளர் அனைவரும் அறிவர். சுண்ணாம்புத் துகளின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.6, நீரின் எண் 1.33, காற்றின் எண் 1. ஈரச் சுவரில் துகள்களின் இடைவெளியை நீர் நிரப்பியிருப்பதால் வேறுபாடு குறைவு. நீர் வற்றி அங்குக் காற்று புகுந்ததும் வேறுபாடு கூடுகிறது, சிதறலும் கூடுகிறது. அனட்டேசின் எண் ஏறத்தாழ 2.5, ரூட்டைலின் எண் ஏறத்தாழ 2.7. வண்ணப்பூச்சில் துகள்களைப் பிணைக்கும் பிசினின் எண் 1.5 அளவே. எனவே பிசினுக்குள் மூழ்கிக் கிடக்கும்போதும் டைட்டானியப் பொடி வெண்மை குன்றுவதில்லை. சுண்ணாம்பு வெல்ல முடியாத இடத்தில் அது வெல்வதன் காரணம் இதுவே.

இரண்டாவது காரணம், துகளின் அளவு. கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர் வரை. ஒரு மைக்ரோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. துகளின் விட்டம் ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதியாக, அதாவது 0.2 முதல் 0.3 மைக்ரோமீட்டராக இருக்கும்போது இப்பொடி ஒளியை மிகத் திறமையாகச் சிதறடிக்கிறது. அதைவிடப் பெரிதானால், அதே எடையில் துகள்களின் எண்ணிக்கை குறைந்து மறைப்புத்திறன் தாழ்கிறது. சற்றுச் சிறிதானால் நீல ஒளி மிகுதியாகச் சிதறி வெண்மையில் நீலச்சாயல் தோன்றுகிறது. 0.1 மைக்ரோமீட்டருக்கும் மிகக் கீழே சென்றால் பொடி கண்ணுக்கு ஏறத்தாழ மறைந்தே போகிறது. வெயில் காப்புக் களிம்புகளில் இப்பொருளே புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது. ஆயினும் முகத்தில் வெள்ளை படிவதில்லை.

ஒரே பொருள் ஓர் அளவில் சுவரை மறைக்கிறது. வேறோர் அளவில் தானே மறைகிறது. வெண்மை பொருளில் மட்டும் இல்லை, அளவிலும் இருக்கிறது.

அளப்பதற்கு முன்

ஆலையிலிருந்து வரும் மூட்டையில் 25 கிலோகிராம் பொடி இருப்பதாகக் கொள்வோம். ஆய்வுக்கு வேண்டியது ஒரு கிராமுக்கும் குறைவு. அந்தச் சிறு கூறு மூட்டை முழுவதற்கும் சான்றாக நிற்க வேண்டும். மூட்டை அசையும்போது நுண்ணியவை இடுக்குகளின் வழியே அடியில் இறங்கும். பருத்தவை மேலே தங்கும். மேலிருந்து ஒரு கரண்டி அள்ளினால் அது பொய்ச்சான்று ஆகும். ஆகவே பல இடங்களிலிருந்து பொடியை எடுத்துக் குவித்து, குவியலைத் தட்டையாக்கி, நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பகுதிகள் இரண்டைக் கலந்து, மீண்டும் குவிப்பர். வேண்டிய அளவு வரும்வரை இதனைத் தொடர்வர்.

அடுத்த இடர், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுதல். மாவு கட்டிபிடிப்பது போல நுண்பொடியும் திரளாகும். 0.25 மைக்ரோமீட்டர் துகள்கள் நூற்றுக்கணக்கில் திரண்டால், கருவி அத்திரளை ஒரே பெரிய துகளாக எண்ணிவிடும். எனவே இக்கரையாப் பொடியை நீரில் இட்டு, சோடியம் ஹெக்சாமெட்டா பாஸ்பேட் போன்ற பிரிப்பான் சிறிது சேர்த்து, மீயொலி அதிர்வால் சில நிமிடம் கலைப்பர். பிரிப்பான் துகள்களின் பரப்பில் ஒரே வகை மின்னூட்டத்தை ஏற்படுத்துவதால் அவை ஒன்றையொன்று விலக்கி நிற்கின்றன. அதிர்வு குறைந்தால் திரள் கலையாது. மிகுந்தால், இயல்பில் உருகி ஒட்டியிருக்கும் துகள்களும் உடையக்கூடும். எத்தனை நிமிடம் அதிரவிட்டனர் என்பதும் அளவீட்டின் ஒரு பகுதியே.

சல்லடையும் பள்ளத்தகடும்

துகளை அளக்கும் மிகப் பழைய கருவி சல்லடை. ஆயினும் ஆய்வுக்கூடத்தில் நிறமிக்குப் பயன்படும் 45 மைக்ரோமீட்டர் சல்லடையின் கண், நிறமித் துகளைவிட ஏறத்தாழ 180 மடங்கு அகலமானது. நல்ல துகள்கள் அனைத்தும் நீருடன் அதன் வழியே ஓடிவிடும். அங்குத் தங்குவன அரைபடாத கட்டிகளும் அயற்பொருள்களும் மட்டுமே. சல்லடை துகளின் அளவைக் கூறுவதில்லை. குற்றத்தை மட்டும் கூறுகிறது. ஆயினும் அதுவும் பயனுடைய செய்தியே.

பிசினில் கலந்தபின் பொடி நன்றாகப் பிரிந்துள்ளதா என்பதை அறிய ஹெக்மேன் அளவி என்னும் எஃகுத் தகடு பயன்படுகிறது. அதில் ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். ஒரு முனையில் 100 மைக்ரோமீட்டர் ஆழமுள்ள அப்பள்ளம், மெல்ல மெல்லக் குறைந்து மறுமுனையில் ஆழமின்றி முடியும். ஆழ்ந்த முனையில் வண்ணக் கலவையை ஊற்றி, நேர்விளிம்புள்ள தகட்டால் மறுமுனைவரை ஒரே இழுப்பில் வழிப்பர். பள்ளத்தின் ஆழத்தைவிடப் பருத்த கட்டிகள் எந்த இடத்தில் புள்ளிகளாகத் தலைகாட்டுகின்றனவோ, அந்த இடத்து அளவே கலவையின் நுண்மை. மின்சாரமும் கணினியும் இல்லாமல் ஒரு நிமிடத்திற்குள் முடியும் சோதனை இது.

வீழ்ச்சியால் அறியும் அளவு

நீரில் இட்ட மணல் உடனே அடியில் படிகிறது. சேறு நெடுநேரம் கலங்கி நிற்கிறது. பருத்தது விரைந்து வீழும்; நுண்ணியது மெல்ல வீழும். இவ்வுண்மைக்கு 1851இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் கணித வடிவம் தந்தார். உருண்டையான துகள் ஒரு நீர்மத்தில் வீழும் வேகம் அதன் விட்டத்தின் இருமடிக்கு நேர்த்தகவில் இருக்கும். விட்டம் பாதியானால் வேகம் நான்கில் ஒரு பங்காகும்; விட்டம் பத்தில் ஒரு பங்கானால் வேகம் நூற்றில் ஒரு பங்காகும்.

அனட்டேசின் அடர்த்தி நீரைப்போல் 3.9 மடங்கு. 25 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள அசையா நீரில் அது 10 சென்டிமீட்டர் ஆழம் வீழ எடுக்கும் நேரத்தை ஸ்டோக்ஸ் விதிப்படி கணக்கிட்டால் பின்வருமாறு அமையும்:

50 மைக்ரோமீட்டர் துகள் – ஏறத்தாழ 22 நொடி
10 மைக்ரோமீட்டர் துகள் – ஏறத்தாழ 9 நிமிடம்
1 மைக்ரோமீட்டர் துகள் – ஏறத்தாழ 16 மணி நேரம்
0.25 மைக்ரோமீட்டர் துகள் – 10 நாளுக்கும் மேல்

இவ்விதியைக் கொண்டு அளக்கும் எளிய கருவி ஆண்ட்ரியாசன் பிப்பெட். உயரமான கண்ணாடிக் கலத்தில் பொடி கலந்த நீரை நிரப்பி, குறித்த நேரங்களில் குறித்த ஆழத்திலிருந்து சிறிதளவு நீரை உறிஞ்சி எடுத்து, உலர்த்தி எடை பார்ப்பர். ஒன்பது நிமிடம் கழித்து 10 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த நீரில் 10 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட துகள் இராது. அதற்குள் அவை அவ்விடத்தைக் கடந்து வீழ்ந்திருக்கும். இவ்வாறு படிப்படியாக எடைகளைக் குறித்து, எந்த அளவுக்குக் கீழே எத்தனை விழுக்காடு உள்ளது என்பதை வரைபடமாக்குவர்.

இம்முறையில் வெப்பநிலை காத்தல் இன்றியமையாதது. 20 டிகிரியில் உள்ள நீரைவிட 30 டிகிரியில் உள்ள நீரின் பாகுநிலை குறைவு; துகள் ஏறத்தாழக் கால் பங்கு கூடுதல் வேகத்தில் வீழும். குளிரூட்டிய அறையில் காலையில் அளந்ததையும் வெப்பம் ஏறிய அறையில் நண்பகலில் அளந்ததையும் ஒப்பிட்டால் பொடி மாறிவிட்டதாகத் தோன்றும். மாறியது நீர் மட்டுமே. மேலும், ஒரு மைக்ரோமீட்டருக்குக் கீழ்ப்பட்ட துகள்களை நீர் மூலக்கூறுகள் இடைவிடாமல் மோதி அலைக்கழிக்கின்றன. அவை நேராக வீழ்வதில்லை. எனவே அத்தகைய நுண்துகள்களை மையவிலக்குக் கருவியில் சுழற்றி, வீழ்ச்சியை விரைவுபடுத்தி அளக்கின்றனர்.

ஒளியும் மின்னணுவும்

இன்றைய ஆய்வுக்கூடங்களில் மிகுதியாகப் பயன்படுவது லேசர் ஒளிச்சிதறல் கருவி. பொடி கலந்த நீர் ஒரு கண்ணாடி அறையின் வழியே ஓடும்; அதன்மீது லேசர் ஒளி பாயும். பருத்த துகள் ஒளியைக் குறுகிய கோணத்தில் சிதறடிக்கும். நுண்ணிய துகள் அகன்ற கோணத்தில் சிதறடிக்கும். சுற்றிலும் உள்ள உணரிகள் இச்சிதறலைப் பதிவு செய்ய, கணினி அதிலிருந்து அளவுகளைக் கணக்கிடுகிறது. கணக்கிற்கு அடிப்படை, 1908இல் குஸ்டாவ் மீ வெளியிட்ட கோட்பாடு. முடிவு சில நிமிடங்களில் கிடைக்கும். ஆயினும் துகளின் ஒளிவிலகல் எண்ணை ஆய்வாளர்தாம் கருவிக்குச் சொல்ல வேண்டும். தவறான எண்ணைத் தந்தால், கருவி தயங்காமல் தவறான விடையை அழகிய வரைபடமாகத் தரும்.

துகளை நேரில் காண்பதற்கு மின்னணு நுண்ணோக்கி உள்ளது. இதில் ஒவ்வொரு படிகத்தின் வடிவமும் ஒட்டியிருக்கும் திரளும் தெளிவாகத் தெரியும். ஆனால் ஒரு படத்தில் எண்ணக்கூடியவை சில நூறு துகள்களே. 0.25 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள அனட்டேசுத் துகள்கள் ஒரு கிராமில் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி இருக்கும். அவற்றின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 6 சதுர மீட்டர். ஒரு சிறிய அறையின் தரைப்பரப்பு. அத்தனை கோடிக்குச் சில நூறு துகள்கள் சான்று கூற வேண்டுமாயின், முன்னர்க் கூறிய கூறெடுத்தல் எவ்வளவு நேர்மையாக இருக்க வேண்டும் என்பது விளங்கும்.

ஒரே பொடி, இரண்டு விடை

ஒரு பொடியில் 0.1 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள துகள்கள் ஆயிரமும் 1 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள துகள் ஒன்றும் இருப்பதாகக் கொள்வோம். விட்டம் பத்து மடங்கானால் எடை ஆயிரம் மடங்காகும். எனவே அந்த ஒரு பெரிய துகளும் ஆயிரம் சிறிய துகள்களும் சம எடையுடையன.

இப்பொடியின் சராசரி அளவு யாது? துகள்களை ஒவ்வொன்றாக எண்ணுபவர் 0.1 மைக்ரோமீட்டர் என்பார். எடையைக் கணக்கிற் கொள்பவர், பாதி எடை 0.1 அளவிலும் பாதி எடை 1 அளவிலும் இருப்பதால், சராசரி 0.55 மைக்ரோமீட்டர் என்பார். ஒன்று மற்றொன்றைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல். இருவரும் ஒரே பொடியையே அளந்தனர்; இருவர் கணக்கிலும் பிழையில்லை. கேட்ட வினா வேறு. ஆகவே விடையும் வேறு.

நுண்ணோக்கி எண்ணிக்கையை அடிப்படையாகக் கொள்கிறது. பிப்பெட் எடையையும் லேசர் கருவி பருமனையும் அடிப்படையாகக் கொள்கின்றன. மேலும், பிப்பெட் கூறுவது வீழ்ச்சி வேகத்தில் அத்துகளுக்கு ஒப்பான உருண்டையின் விட்டம். லேசர் கருவி கூறுவது ஒளிச்சிதறலில் ஒப்பான உருண்டையின் விட்டம். உண்மைத் துகளோ உருண்டையே அன்று. ஆகவே நல்ல ஆய்வறிக்கை "துகளின் அளவு 0.3 மைக்ரோமீட்டர்" என்று மட்டும் கூறி நிற்பதில்லை. எந்தக் கருவியால், எந்த நீர்மத்தில், எத்தனை நிமிட அதிர்வுக்குப் பின், எந்த அடிப்படையில் அளக்கப்பட்டது என்பதனையும் உடன் கூறுகிறது. அளந்த முறையைக் கூறாத எண் பாதி உண்மையே.

எண்ணுக்குப் பின்னால் மனிதர்

இது ஆய்வுக்கூடச் சுவர்களுக்குள் முடியும் வழக்கன்று. பொடி மூட்டையைப் பிரித்துக் கொட்டும் தொழிலாளி அதன் தூசியைச் சுவாசிக்கிறார். 10 மைக்ரோமீட்டருக்குக் குறைந்த தூசி மூக்கைக் கடந்து செல்லும். ஏறத்தாழ 4 மைக்ரோமீட்டருக்குக் குறைந்தது நுரையீரலின் சிற்றறைகள் வரை செல்லும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2006இல் டைட்டானியம் டை ஆக்சைடை ஆராய்ந்து, 'மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடும்' என்னும் பிரிவில் சேர்த்தது. இம்முடிவுக்கு அடிப்படை, தூசியைச் சுவாசித்த எலிகளிடம் கண்ட விளைவுகள். மனிதரிடம் போதிய சான்று கிடைக்கவில்லை என்பதையும் அது பதிவு செய்தது. தொழிலாளி முகக்கவசம் அணிவதும் அறையில் தூசி உறிஞ்சி இயங்குவதும் இத்தகைய அளவீடுகளின் பயன்கள்.

இதே பொடி மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் வெண்மை தருவதற்காகச் சேர்க்கப்பட்டு வந்தது. உணவுச் சேர்க்கைப் பட்டியலில் அதன் எண் 171. உணவுக்கான பொடியிலும் 0.1 மைக்ரோமீட்டருக்குச் சிறிய துகள்கள் ஒரு பங்கு கலந்திருக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு, மரபுப்பொருளுக்கு அது கேடு செய்யாது என உறுதிகூற இயலவில்லை என்று 2021இல் அறிவித்தது. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் உணவில் அதன் பயன்பாட்டைத் தடை செய்தது. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் இணைந்து நடத்தும் வல்லுநர் குழு 2023இல் மீண்டும் ஆராய்ந்து, உண்ணும் அளவுக்கு வரம்பு விதிக்கத் தேவையில்லை என்னும் பழைய முடிவையே உறுதி செய்தது. அறிஞர் குழுக்களே கருத்து வேறுபடும் இவ்வழக்கில் அடிப்படையான வினாக்களுள் ஒன்று, பொடியில் மிக நுண்ணிய துகள்கள் எத்தனை என்பது. எடையால் பார்த்தால் அவை அற்பம். எண்ணிக்கையால் பார்த்தால் அவை பெருங்கூட்டம். எந்தக் கண்ணால் பார்ப்பது என்று தீர்மானிப்பதில் உண்பவர் நலம் அடங்கியுள்ளது.

கருமணலிலிருந்து வெண்பொடி எடுப்பது தொழில்நுட்பம். அப்பொடியை நேர்மையாக அளப்பது அறிவியல். அளந்த முறையை மறைக்காமல் சொல்வது அறம்.

தெரிந்து தெளிவோம்

கணக்கதிகாரம் முதலிய பழந்தமிழ்க் கணக்கு நூல்கள் நுண்ணிய நீளங்களை எட்டு எட்டாக அடுக்கிக் கூறுகின்றன. 8 அணு ஒரு தேர்த்துகள். 8 தேர்த்துகள் ஒரு பஞ்சிழை. 8 பஞ்சிழை ஒரு மயிர். 8 மயிர் ஒரு நுண்மணல். 8 நுண்மணல் ஒரு கடுகு. 8 கடுகு ஒரு நெல். 8 நெல் ஒரு விரல். இப்பெயர்கள் ஏட்டுக்கு ஏடு சிறிது வேறுபடும். ஒரு விரலை 2 சென்டிமீட்டர் எனக் கொண்டால், தேர்த்துகள் ஏறத்தாழ 0.08 மைக்ரோமீட்டர், பஞ்சிழை ஏறத்தாழ 0.6 மைக்ரோமீட்டர். நிறமித் துகளின் 0.25 மைக்ரோமீட்டர் இவ்விரண்டுக்கும் இடையில் அமையும். ஆனால் இக்கணக்கின்படி ஒரு மயிர் 5 மைக்ரோமீட்டர் ஆகிறது. உண்மையில் தலைமுடி 50 முதல் 100 மைக்ரோமீட்டர் வரை தடிப்புடையது. பழைய அடுக்கு, நுண்மையை மனத்தால் பகுத்துப் பார்த்த கணக்கு. கருவியால் அளந்த அளவீடு அன்று. கண்ணுக்கு எட்டாததற்கும் பெயர் வைத்த மொழி தமிழ் என்பதற்கு அது சான்று.

சொல்லும் பொருளும்

நிறமி – நிறம் தரும் கரையாப் பொடி
வீழ்படிவு – கரைசலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும் திண்பொருள்
மறைப்புத்திறன் – அடியில் உள்ள நிறத்தை மறைக்கும் ஆற்றல்
திரள் – ஒன்றாக ஒட்டிய கூட்டம்
பாகுநிலை – நீர்மம் ஓடுவதற்குக் காட்டும் தடை
மீயொலி – செவிக்குக் கேளாத உயர் அதிர்வு ஒலி
அற்பம் – மிகச் சிறிது

இலக்கணக் குறிப்பு

கருமணல், வெண்பொடி – பண்புத்தொகைகள்
அலைகடல் – வினைத்தொகை
கரையாப் பொடி – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்
மெல்ல மெல்ல – அடுக்குத்தொடர்

பகுபத உறுப்பிலக்கணம்

அளந்தனர் – அள + த்(ந்) + த் + அன் + அர்
அள – பகுதி. த் – சந்தி. ந் ஆனது விகாரம். த் – இறந்தகால இடைநிலை. அன் – சாரியை. அர் – பலர்பால் வினைமுற்று விகுதி.

பயிற்சி

அ. கோடிட்ட இடம் நிரப்புக.
1. கொச்சுவேளி ஆலையில் உற்பத்தி தொடங்கிய ஆண்டு ________.
2. துகள் நீரில் வீழும் வேகத்திற்கு விதி கண்டவர் ________.
3. லேசர் கருவிக்கு ஆய்வாளர் சொல்ல வேண்டிய எண் ________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. சுண்ணாம்பு அடித்த சுவர் காய்ந்தபின் வெளுப்பது ஏன்?
2. மூட்டையின் மேலிருந்து ஒரு கரண்டி அள்ளுவது ஏன் பொய்ச்சான்று ஆகும்?
3. ஹெக்மேன் அளவி எதனைக் காட்டுகிறது?

இ. பத்தி அளவில் விடை எழுதுக.
1. 'ஒரே பொடிக்கு இரண்டு விடைகள் இருக்கலாம்' என்பதைச் சான்றுடன் விளக்குக.
2. 'அளந்த முறையைக் கூறாத எண் பாதி உண்மையே' – இக்கருத்தை அன்றாட வாழ்வின் வேறோர் எடுத்துக்காட்டுக் கொண்டு நிறுவுக.

ஈ. பிரித்து எழுதுக.
கருமணல், வெண்பொடி, இவ்வினா, ஒளிச்சிதறல்

உ. செய்து பார்க்க.
உயரமான கண்ணாடிப் புட்டியில் முக்கால் பங்கு நீர் நிரப்பி, ஒரு கைப்பிடித் தோட்டத்து மண்ணை இட்டு, மூடி நன்கு குலுக்கி, அசையாமல் வைக்க. 1 நிமிடம், 10 நிமிடம், 1 மணி நேரம், 1 நாள் ஆகிய நேரங்களில் காண்பவற்றைக் குறித்து, படிந்த அடுக்குகளின் படம் வரைந்து, எந்த அடுக்கில் எத்தகைய துகள் உள்ளது என்பதைப் பத்து வரிகளில் எழுதுக. நீர் எடுத்த இடம், மண் எடுத்த இடம், நாள், நேரம் ஆகியவற்றையும் தவறாமல் குறிப்பிடுக.